புதுவையில் ஒரு நோன்பு: அரவிந்தர் வரலாறு

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் அவர்தம் எண்ணத்தையும் செயலையும் விரித்துரைப்பர். அவ்வெண்ணத்தையும் செயலையும் சுமந்து நின்ற உடலைப் பற்றி உரைப்பாரோ அரியர். அரவிந்தர் வரலாறும் இம்மரபிற்கு விலக்கன்று. அவர் அரசியல் தலைவராய் விளங்கியதும், கவிஞராய்த் திகழ்ந்ததும், யோகியாய் அமர்ந்ததும் யாவரும் அறிந்தனவே. ஆயின் 1910-ஆம் ஆண்டில் அவர் நம் புதுவை நகரில் 23 நாள் உணவின்றி இருந்தார் என்பதைப் பலர் அறியார். அந்நோன்பில் தம் உடலைக் குறித்து அவர் கண்ட ஓர் உண்மை, உடலியல் அறிஞர் ஆய்வுக்கூடங்களில் கண்ட உண்மையோடு பெரிதும் ஒத்து நிற்கிறது. அதனை நடுவாக வைத்து அவர் வாழ்க்கையைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

அரவிந்தர் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ண தன கோஷ் மேனாட்டில் மருத்துவம் பயின்று, வங்கத்தில் அரசாங்க மருத்துவராய்ப் பணியாற்றியவர். தாயார் சுவர்ணலதா தேவி, பிரம்ம சமாஜத் தலைவருள் ஒருவராகிய ராஜநாராயண போஸின் புதல்வியார். தம் மக்கள் முற்றும் ஆங்கில முறையிலேயே வளர்தல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஆதலின் அரவிந்தர் முதலில் தார்ஜிலிங் நகரில் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னர் 1879-இல், தம் ஏழாம் வயதில், தமையன்மார் இருவருடன் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் நகரில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் குடும்பத்தில் வளர்ந்தார்.

1884-இல் அவர் லண்டன் மாநகரிலுள்ள செயின்ட் பால் பள்ளியில் சேர்ந்தார். கிரேக்கமும் லத்தீனும் அவருக்கு எளிதில் கைவந்தன. ஆயின் தந்தையார் அனுப்பி வந்த பணம் நாளடைவில் குறைந்து போகவே, சகோதரர் மூவரும் வறுமையுட்பட்டனர். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றிரண்டும் ஒரு குவளைத் தேநீரும், மாலையில் ஒரு பென்னி விலையுள்ள சிறிய இறைச்சிப் பண்டமும் கொண்டு அவர் ஓராண்டு முழுவதும் கழித்தார் என்பர். வளரும் பருவத்திலேயே பசி அவருக்கு அறிமுகமாயிற்று. அப்பசி அவர் வேண்டி ஏற்றதன்று, வறுமை கொணர்ந்தது. பிற்காலத்தில் தாமே வேண்டி ஏற்ற பசியோடு இதனை ஒப்பிட்டுக் காண்டல் தகும்.

1890-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் உதவிச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். அவ்வாண்டே இந்திய சிவில் சர்வீஸ் தேர்விலும் வெற்றி பெற்றார். ஆயினும் குதிரையேற்றத் தேர்வுக்குச் செல்லாமையால் 1892-இல் அப்பதவிக்கு உரியவரல்லர் என நீக்கப்பட்டார். 1893-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியா மீண்டு, பரோடா சமஸ்தானத்தில் பணி ஏற்றார்.

பரோடாவும் வங்கமும்

பரோடாவில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகள் அவருக்குக் கல்வியின் காலம். கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்துக்கொண்டே வடமொழியையும் தாய்மொழியாகிய வங்காளத்தையும் தாமே பயின்றார். 1901-இல் மிருணாளினி தேவியை மணந்தார். 1905-இல் கர்சன் பிரபு வங்கத்தை இரண்டாகப் பிரித்தபோது நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டில் அரவிந்தர் பரோடாவை விடுத்துக் கல்கத்தா சென்று, புதிதாய்த் தோன்றிய தேசியக் கல்லூரியின் முதல்வரானார். வந்தே மாதரம் என்னும் பத்திரிகையில் அவர் எழுதிய தலையங்கங்கள் அவரை நாடறிந்த தலைவராக்கின.

1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் முசாபர்பூரில் குண்டு வெடித்து ஆங்கில மாதர் இருவர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து மே 2-ஆம் நாள் அரவிந்தர் கைது செய்யப்பட்டு, அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். வழக்கு ஓராண்டு நடந்தது. சித்தரஞ்சன் தாஸ் அவருக்காக வாதாடினார். 1909-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் அரவிந்தர் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார்.

அலிப்பூர்ச் சிறையும் முதல் நோன்பும்

அச்சிறையில்தான் அவர் முதன்முதல் உண்ணாதிருந்து பார்த்தார். அவரிருந்த அறை சிறிது. அளிக்கப்பட்ட சோறோ கல்லும் உமியும் கலந்தது. அந்நிலையில் அவர் பத்து நாள் உணவை நீத்தார். உறக்கமும் மூன்று இரவிற்கு ஒருமுறையே கொண்டார். அப்பத்து நாளில் தம் எடை பத்துப் பவுண்டு குறைந்ததென்றும், எனினும் தளர்ச்சி தோன்றாமல் வலிமை மிகுந்ததாகவே உணர்ந்ததென்றும், முன்பு இயலாதிருந்த நீர்நிறை வாளியைத் தலைக்கு மேல் தூக்க அப்பொழுது இயன்றதென்றும் அவர் பிற்காலத்தில் தம் சீடர்களிடம் கூறியுள்ளார்.

இக்கூற்றைச் சற்றே கணக்கிட்டுக் காண்போம். பத்துப் பவுண்டு என்பது ஏறக்குறைய 4½ கிலோ. இவ்வளவும் உடற்கொழுப்பே எனக் கொள்வோமாயின், ஒரு கிலோ கொழுப்புத் திசு 7,000 கலோரிக்கு மேல் வெப்பம் தருவதால், 30,000 கலோரிக்கு மேல் செலவாகியிருத்தல் வேண்டும். சிறை அறையில் அடங்கியிருக்கும் ஒருவருக்குப் பத்து நாளில் 20,000 கலோரிக்கு மேல் செலவாதல் அரிது. ஆகவே குறைந்த எடை முழுவதும் கொழுப்பாயிருத்தல் இயலாது. ஒரு பகுதி நீர். ஒரு பகுதி கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருந்த கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள். எஞ்சியதில் ஒரு பகுதி தசையே. வலிமை மிகுந்தது போல் தோன்றிய அந்நாட்களிலேயே உடல் தன் தசையையும் செலவிட்டுக்கொண்டிருந்தது. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

புதுவை வருகை

விடுதலைக்குப் பின்னரும் ஆங்கில அரசாங்கம் அவரை விடவில்லை. 1910-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் பிரெஞ்சுக்காரருக்கு உரிய சந்திரநாகூரில் மறைந்திருந்தார். அங்கிருந்து வேற்றுப் பெயருடன் துய்ப்ளே என்னும் கப்பலேறி, ஏப்ரல் 4-ஆம் நாள் புதுவைத் துறையில் இறங்கினார். அக்காலத்தே இந்நகர் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தமையால், ஆங்கிலேயரின் ஆணை ஈண்டுச் செல்லாது. சுப்பிரமணிய பாரதியார் 1908 முதலே இங்குக் குடியேறியிருந்தார். சீனிவாசாச்சாரியார் முதலிய அன்பர்கள் அரவிந்தரை எதிர்கொண்டு, கலவை சங்கர செட்டியார் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர்.

அவ்வில்லத்தின் மேல்மாடியில் அவர் ஆறு திங்கள் தங்கினார். வெளியே செல்வது அரிது. பாரதியார் மாலை வேளைகளில் வந்து அளவளாவுவார். ஏனைய நேரமெல்லாம் யோகமும் சிந்தனையுமாகக் கழிந்தன. அவ்வமைதியில்தான் இரண்டாம் நோன்பு நிகழ்ந்தது.

இருபத்துமூன்று நாள்

தமிழர்க்கு உண்ணாநோன்பு புதியதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்ததைப் புறநானூறு பயின்றார் அறிவர். சமணத் துறவியரின் சல்லேகனையும் யாம் அறிந்ததே. ஆயின் அவையெல்லாம் உயிரை விடுதற்கு ஏற்றவை. அரவிந்தரின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. உணவின்றியும் உடல் தன் வலிமையை வேறொரு மூலத்தினின்று பெற்று வாழ இயலுமோ என்று காண்பதே அவர் கருத்து.

அந்நோன்பைப் பற்றி அவரே பிற்காலத்தில் கூறிய செய்தி நமக்குக் கிடைத்துள்ளது. 23 நாள் உணவு கொள்ளவில்லை. நாள்தோறும் வழக்கம்போல் எட்டு மணி நேரம் நடந்தார். எழுத்தும் யோகமும் இடையறவில்லை. முடிவில் சிறிதும் சோர்வில்லை. இங்ஙனம் கூறியவர் இன்னொன்றும் கூறினார். உடலின் தசை மட்டும் குறைந்துகொண்டே வந்ததென்றும், அப்பருப்பொருள் இழப்பை ஈடு செய்யும் வழி தமக்குப் புலப்படவில்லை என்றும் ஒளியாது உரைத்தார். தம் முயற்சி ஏறக்குறைய வெற்றி பெற்றதாகக் கருதிய ஒருவர், வெற்றி பெறாத பகுதி இதுவென்று தாமே சுட்டிக்காட்டியது பெரிதும் பாராட்டத்தக்கது.

ஆற்றல் குறையவில்லை, ஊன் குறைந்தது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றும். உண்மையில் முரணில்லை. அதனை விளக்க உடலின் வரவு செலவுக் கணக்கை நோக்க வேண்டும்.

உடலின் கணக்கு

உணவு நின்றவுடன் உடல் முதலில் எடுத்துச் செலவிடுவது கல்லீரலிலுள்ள கிளைகோஜனை. அது ஏறக்குறைய 100 கிராம் அளவே உள்ளது; ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பின் இரு களஞ்சியங்கள் எஞ்சுகின்றன. ஒன்று கொழுப்பு, மற்றொன்று தசையிலுள்ள புரதம். கொழுப்போ செலவிடுதற்கென்றே சேர்த்து வைத்த பொருள். புரதம் அத்தகையதன்று. கையை உயர்த்துவதும், நெஞ்சை விரித்து மூச்செடுப்பதும், இதயத்தைத் துடிப்பிப்பதும் புரதமே. கொழுப்பைச் செலவிடுதல் அடுக்கி வைத்த விறகை எரித்தலை ஒக்கும். புரதத்தைச் செலவிடுதல் வீட்டின் உத்திரத்தைப் பிளந்து அடுப்பில் இடுதலை ஒக்கும்.

அங்ஙனமாயின் உடல் விறகை விடுத்து உத்திரத்தில் கை வைப்பது ஏன்? காரணம் மூளை. மூளைக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாத குளுகோஸ் வேண்டும். கொழுப்பமிலத்தை அது நேரே பயன்படுத்துவதில்லை. கொழுப்பமிலத்தினின்று குளுகோஸ் செய்யவும் நம் உடலால் இயலாது. கொழுப்போடு பிணைந்துள்ள கிளிசராலினின்று மட்டும் சிறிது கிடைக்கும். எஞ்சியதற்குத் தசைப் புரதத்தைக் கரைத்து, அதன் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரல் குளுகோஸ் செய்கிறது. ஆதலின் கொழுப்பு நிறைந்திருக்கும்போதே தசையும் கரையத் தொடங்குகிறது. நோன்பின் முதற்சில நாளில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவு புரதம் இவ்வாறு செல்லும். தசையில் நான்கில் மூன்று பங்கு நீராதலின், இது ஏறக்குறைய முக்கால் பவுண்டு ஊனுக்கு நிகர்.

இந்நிலை நீடிக்குமாயின் மனிதன் சில வாரங்களிலேயே மடிந்துபோவான். உடல் அதனைத் தடுக்க மற்றொரு வழி வகுத்துள்ளது. கல்லீரல் கொழுப்பினின்று கீட்டோன் என்னும் பொருள்களைச் செய்து குருதியில் விடுகிறது. நாட்கள் செல்லச் செல்ல மூளை அவற்றை ஏற்கப் பழகுகிறது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் காஹிலும் ஆலிவர் ஓவனும் உடன் ஆய்ந்தோரும் இதனை 1967-இல் மெய்ப்பித்தனர். பல வாரம் நோன்பிருப்பவரின் மூளை தனக்கு வேண்டிய எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைக் கீட்டோன்களினின்று பெறுகிறது. அப்பொழுது புரதச் செலவு நாளொன்றுக்கு 20 கிராம் அளவிற்கு இறங்குகிறது. இறங்குகிறதேயன்றி நின்றுவிடுவதில்லை. குருதியின் சிவப்பணுக்களுக்குக் குளுகோஸன்றி வேறு உணவில்லை. மூளைக்கும் ஒரு பகுதி குளுகோஸ் வேண்டும்.

இத்தேர்வை நடத்துவது நம் மனமன்று. குருதியில் இன்சுலின் அளவு தாழும்போது கொழுப்புக் களஞ்சியம் திறக்கிறது. தசையின் பூட்டும் தளர்கிறது. நோன்பு நீடிக்கக் கீட்டோன்கள் பெருகி, தசைக்கு வேண்டிய காவலைத் தருகின்றன. இன்சுலினோ 1921-இல்தான் டொராண்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்டது. 1910-இல் புதுவை மாடியில் நடந்துகொண்டிருந்த அரவிந்தர்க்கு இவற்றுள் எதுவும் தெரிந்திருத்தல் இயலாது. எனினும் அவர் கண்டது இதுவே. மெல்ல நடத்தற்கு வேண்டிய ஆற்றலைத் தசைகள் பெரும்பாலும் கொழுப்பினின்றே பெறும். ஆதலின் நடை தளரவில்லை. மூளைக்குக் கீட்டோன் கிடைத்தது. ஆதலின் சிந்தனை தளரவில்லை. ஆயின் நாள்தோறும் சிறிது சிறிதாய்ப் புரதம் கழிந்தது. ஆதலின் ஊன் குறைந்தது.

அவர் நோன்பிற்கு இரண்டாண்டின் பின்னர், 1912-இல், பாஸ்டன் நகரின் கார்னெகி உணவாய்வுக்கூடத்தில் பிரான்சிஸ் பெனடிக்ட் என்பார், மால்டாத் தீவினராகிய லெவான்சின் என்பவரை 31 நாள் நீர் மட்டும் அருந்தி நோன்பிருக்கச் செய்து அளந்தார். அவர் எடை 60 கிலோவினின்று 47 கிலோ அளவிற்கு இறங்கியது. சிறுநீரில் கழிந்த நைட்ரஜனைக் கொண்டு புரத இழப்பைக் கணிக்கலாம். அது நான்காம் நாளளவில் 12 கிராமை நெருங்கி, இறுதி நாளில் ஏறக்குறைய 7 கிராமாகத் தாழ்ந்தது. குறைந்ததேயன்றி அறவில்லை. அரவிந்தர் நிறைகோலின்றிக் கண்டதையே பெனடிக்ட் நிறைகோல் கொண்டு கண்டார் எனலாம்.

சர்க்கரை சிறிதேனும் கிடைப்பின் இக்கணக்கு மாறும். 1940-களில் ஜேம்ஸ் கேம்பிள் என்னும் மருத்துவப் பேராசிரியர், கடலில் கப்பலிழந்து தத்தளிப்போர்க்கு எவ்வுணவு வேண்டுமென ஆராய்ந்தார். நாளொன்றுக்கு 100 கிராம் குளுகோஸ் உட்கொண்டால் புரத இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும் எனக் கண்டார். மூளைக்கு வேண்டியது வெளியினின்று வந்துவிடின், உத்திரத்தைப் பிளக்கும் தேவை குறைகிறது அன்றோ?

நோன்பின் எல்லை

கொழுப்பு தீரும் காலத்தில் உடலுக்கு வேறு வழியில்லை. அதுவரை காக்கப்பட்ட தசை மீண்டும் விரைந்து கரையும். மூச்சுத் தசை நலியும், இதயம் தளரும். அதனாலேயே மெலிந்த உடலினர் இரண்டு திங்களளவில் எல்லையை அடைகின்றனர். அயர்லாந்தின் கார்க் நகரத் தலைவர் டெரன்ஸ் மக்ஸ்வினி 1920-இல் 74 நாளில் மாண்டார். பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் 58 நாள் நோற்று, 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். மன உறுதி இவர்பால் குறைந்ததன்று, களஞ்சியமே தீர்ந்தது.

இன்னுமோர் ஆபத்து நோன்பு முடியும் வேளையில் உள்ளது. அரவிந்தர் நோன்பை விட்டபோது, சிறிது சிறிதாய்த் தொடங்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளாது, முன்பு உண்ட அளவே உண்டார் என்பர். அவருக்குத் தீங்கு நேரவில்லை. ஆயினும் அது பிறர் பின்பற்றத்தக்க வழியன்று. நெடுநாள் பட்டினிக்குப் பின் மிகுந்த மாவுணவு உட்செல்லின், இன்சுலின் திடீரெனப் பெருகிக் குருதியிலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புக்களை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் நிலை தடுமாறும். 1945-இல் சிறைமுகாம்களினின்று மீட்கப்பட்டோருள் சிலர், பசி தீர உண்டபின் மாண்ட கொடுமையால் மருத்துவர் இதனை நன்கு உணர்ந்தனர்.

பிற்கால வாழ்க்கை

1910-ஆம் ஆண்டு அக்டோபரில் அரவிந்தர் செட்டியார் இல்லத்தை விட்டு வேறு வீடு சென்றார். பொருள் முட்டுப்பாடு சில ஆண்டு தொடர்ந்தது. 1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஆரியா என்னும் திங்களிதழைத் தொடங்கி, ஆறாண்டுக்கு மேல் நடத்தினார். அவர்தம் பெருநூல்களுட் பல அவ்விதழில் பகுதி பகுதியாக வெளிவந்தவையே. அன்னை எனப் போற்றப்படும் மீரா அம்மையார் 1914-இல் முதன்முறை வந்து, 1920-இல் மீண்டு வந்து இங்கேயே தங்கினார். 1926-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாளுக்குப் பின் அரவிந்தர் தனிமையை மேற்கொள்ள, ஆசிரமம் அன்னையின் பொறுப்பாயிற்று.

நெடுநோன்பை அவர் தம் யோகத்தின் நெறியாக்கவில்லை. உணவில் பேராசையும் வேண்டா, உணவை வெறுத்தலும் வேண்டா என்னும் நடுநிலையே அவர் சீடர்க்குக் காட்டிய வழி. 1938-ஆம் ஆண்டு நவம்பரில் தவறி விழுந்து அவர் வலத்தொடை எலும்பு முறிந்தது. மருத்துவர் கூறியவாறு பல வாரம் படுக்கையில் இருந்தார். சாவித்திரி என்னும் காப்பியத்தை இறுதிவரை திருத்திக்கொண்டிருந்தார். சிறுநீரக நோய் முற்றி, 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் புதுவையில் மறைந்தார். அவர் உடல் ஆசிரம முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

அரவிந்தரின் சமயக் கொள்கையை ஏற்பாரும் உளர், ஏலாதாரும் உளர். அது ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. அவர் நோன்பினின்று மாணவராகிய நாம் கற்க வேண்டுவது வேறொன்று. வலிமை குறையவில்லை என்னும் உணர்ச்சி, உடலில் எதுவும் குறையவில்லை என்பதற்குச் சான்றாகாது. இன்று மெலிய விரும்பி உணவைத் துறக்கும் இளைஞர் பலர். எடைப்பொறி காட்டும் குறைவைக் கண்டு கொழுப்பு கரைந்ததென மகிழ்கின்றனர். கரைந்தது நீரோ, கொழுப்போ, தசையோ என்று எடைப்பொறி சொல்லாது. உள்ளம் தெளிவாயிருக்கிறது, கால் தளரவில்லை என்பனவும் அதனைச் சொல்லா. நாற்பதை எட்டாத வயதில் 23 நாள் நோற்ற அரவிந்தர் இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிந்தார். அறிந்ததை மறையாது சொன்னார்.

மேலும் ஒன்று. அவர் விரும்பிய நாளில் நோன்பைத் தொடங்கினார்; விரும்பிய நாளில் முடித்தார்; முடித்தபோது உண்ணச் சோறிருந்தது. அவர் பிறந்த வங்க நாட்டிலே 1943-இல் மூண்ட பஞ்சத்தில் 20 இலட்சம் முதல் 30 இலட்சம் மக்கள் வரை பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டனர் என்பர். அவர்கள் உடலும் இதே கணக்கைத்தான் நடத்தின. விறகு தீர்ந்தது, உத்திரமும் எரிந்தது, சோறு வரவில்லை. வேண்டி ஏற்ற பசியைப் போற்றும் நாம் வேண்டாது வந்த பசியை மறத்தல் ஆகாது. தன்னைத் தானே உண்டு உயிர் காக்க முயலும் உடல் எத்துணை நாள் பொறுக்கும் என்பதை அறிந்தோர்க்கு, அயலான் பசி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கத்தக்க பொருளன்று.